அர்ச்சனையில் சொன்ன பெயர்

பத்தாங் பெர்ஜுந்தாய்,
வியாழக்கிழமை.

என் கண்ணு பிரமிளாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் அம்மன் அருளால் கைகால் சுகத்தோடு இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பதுதான் முறை. முறைக்குக் கேட்டுவிட்டேன், இப்போது கேட்க வேண்டியதைக் கேட்கிறேன், பிள்ளை எப்படி இருக்கிறாள்? மூச்சுக்கு வைத்த குழாயை எடுத்தார்களா இல்லையா? போன வெள்ளிக்கிழமையிலிருந்து நீ என் போனை எடுப்பதில்லை. மாப்பிள்ளைக்கு அடித்தால் சேம்தான் மா, டோன்ட் வொரி மா என்கிறார். முகுந்தன் நல்ல பிள்ளை, குறை சொல்லவில்லை, ஆனால் சேம் என்றால் எந்தச் சேம் என்று நான் யாரிடம் போய்க் கேட்பது. பக்கத்து வீட்டுச் சிவநேசன் அண்ணன் மகள் அன்பரசி லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை டப்ளினுக்குத் திரும்புகிறாள். நர்ஸ்தானே, எப்படியும் வார்டு வாசல் வரைக்கும் வந்து உன் கையில் திணித்துவிட்டுத்தான் போவாள் என்று நம்பி இதை எழுத உட்கார்ந்தேன். போனைக் கட் பண்ணலாம், கடிதத்தைக் கட் பண்ண முடியாது பார்.

உட்கார்ந்தேன் என்றுதான் பேர். எழுதுவதும் எழுந்திருப்பதுமாக இருக்கிறேன். அடுப்பில் பருப்பு பொங்கியது, ஓடிப்போய் அணைத்தேன். மழை வருகிற மாதிரி இருட்டியது, கொடியில் கிடந்த துணியை எல்லாம் எடுத்தேன், மழை வரவில்லை, மறுபடி போட்டேன். உன் அப்பா என்னைவிட மோசம். பால் சுறா சாப்பிட்டால் பெற்றவளுக்குப் பால் ஊறும் என்று செகிஞ்சான் படகுத்துறைக்கே காரை எடுத்துக்கொண்டு போய், படகுக்காரனிடம் பேரம் பேசிக் குட்டிச் சுறா வாங்கி வந்து, அன்பரசியிடம் கொடுத்தனுப்பலாம் என்று நின்றார். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, ஏர்போர்ட்லயே என்னைப் பிடிச்சு உள்ள போட்டுடுவாங்க லா அங்கிள் என்றாள். அது இப்போது ஐஸ் பெட்டியில் கல்லாகக் கிடக்கிறது. புட்டு செய்து நாமாவது சாப்பிடுவோம் என்றேன், பிள்ளை பெற்றவள் அங்கே இருக்க நமக்கு எதற்கு என்று கோபித்துக்கொண்டு காரைக் கழுவப் போய்விட்டார். நேற்றும் கழுவிய கார்தான். எங்களுக்கு டிக்கெட் போட்டது பிள்ளை பிறக்க வேண்டிய மாதத்துக்கு. அவளோ அவசரப்பட்டு முன்னாலேயே வந்துவிட்டாள். டிக்கெட்டை மாற்றிக்கொண்டு வருகிறோம் என்றால் வார்டில் பெற்றவர்களைத் தவிர யாரையும் விடமாட்டார்கள், நீங்க வந்தா நானும் அழுதுடுவேன், இப்ப வராதீங்கம்மா என்று நீ சொல்லிவிட்டாய். அந்தச் சொல் எனக்கு வலித்தது, ஆனாலும் கேட்டேன்.

சரி, சுற்றி வளைத்தது போதும். போன வெள்ளிக்கிழமை நடந்ததை நான் சொல்கிறபடி கேள், வாட்ஸ்அப்பில் வந்தபடி அல்ல. அன்று காலை பள்ளிக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டும்போது மாப்பிள்ளையின் மெசேஜ் வந்தது, பிள்ளைக்கு மூச்சு திணறியதால் மறுபடியும் மிஷினில் வைத்துவிட்டார்கள் என்று. பள்ளிக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அப்பாவை இழுத்துக்கொண்டு பழைய தோட்டத்துக் கோயிலுக்குப் போனேன். லயத்து வீடுகளை எல்லாம் இடித்துச் செம்பனை நட்டுவிட்டாலும் கோயிலையும் வாசலில் நிற்கிற மகிழ மரத்தையும் யாரும் தொடவில்லை. மரத்தடியில் பூ கொட்டிக் கிடந்தது. குனிந்து ஒரு கை அள்ளிக்கொண்டேன், ஏன் என்று கேட்டால் தெரியாது, கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. சீட்டு வாங்கிக்கொண்டு சந்நிதிக்குப் போனால், இந்தியாவிலிருந்து புதிதாக வந்திருக்கிற குருக்கள், சின்ன வயசு, பெயர் நட்சத்திரம் கேட்டார். நட்சத்திரம் மகம் என்றேன். பெயர் என்றார். பாப்பா என்று சொல்லியிருக்கலாம். பெயர் வைக்காத பிள்ளைக்கு எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள், எனக்கு அது தெரியாததா. ஆனால் அந்த நேரத்தில், இத்தனை பேர் வந்து போகிற இடத்தில் பாப்பா என்றால் எந்தப் பாப்பா என்று அம்மனுக்கு எப்படித் தெரியும், எங்கேயோ கடல் தாண்டிக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிற ஒன்றை அவள் எப்படித் தேடிப் பிடிப்பாள் என்று எனக்குள் ஒரு பதற்றம் வந்துவிட்டது. கையில் இருந்த பூ மணந்தது. மகிழா என்று சொல்லிவிட்டேன். குருக்களும் அதையே சொல்லி மந்திரம் சொல்லிப் பூவைப் போட்டுவிட்டார். அவ்வளவுதான் பிரமி. நான் யோசித்து வைத்த பெயரும் இல்லை, உனக்குத் தெரியாமல் திட்டம் போட்டதும் இல்லை.

பின்னால் உன் இராஜம்மா அத்தை நின்றதைத்தான் நான் கவனிக்கவில்லை. நாங்கள் வீடு வந்து சேர்வதற்குள் குடும்பக் குரூப்பில் செய்தி ஏறிவிட்டது, நம்ம பிரமிளா மகள் மகிழாவுக்காக எல்லாரும் வேண்டிக்கொள்ளுங்கள் என்று, கூடவே ஒரு பூப் படம். அதுவும் மகிழம்பூ இல்லை, ரோஜா. அப்புறம் கேட்க வேண்டுமா, வரிசையாகக் கும்பிடுகிற கைகள். ராவாங்கில் இருக்கிற உன் சித்தப்பா மகன் வாசு, வேலையில் இருந்தானோ இல்லையோ, எங்கிருந்தோ தேடி எடுத்து அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம், என்ன ராசி எண், எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்று முழ நீளத்துக்குப் போட்டான். பிள்ளை மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கும்போது ராசி எண் எதற்கடா. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீ குரூப்பை விட்டு வெளியேறிவிட்டாய் என்று ஒரு வரி வந்தது. அதற்கப்புறம் நீ என்னோடு பேசவில்லை.

மறுநாள் அத்தையே வீட்டுக்கு வந்துவிட்டார். நடந்ததற்கு வருத்தப்பட வந்திருக்கிறார் என்று காப்பி கலக்கிக் கொடுத்தால், எனக்குப் புத்தி சொல்ல வந்திருக்கிறார். பூப் பேரு எதுக்கு குமுதா, பூ காலையில பூத்து பொழுதுக்குள்ள உதிர்ந்துடும், ஒரு தடவ உதிர்ந்தது போதாதா என்றார். கெட்ட மனசு இல்லை, வாய்தான் அப்படி, இருந்தாலும் எனக்கு மண்டைக்கு ஏறிவிட்டது. நானும் பூப் பேர்தான் அண்ணி, அம்பத்தொம்பது வயசாகுது, உங்க தம்பியோட குடித்தனம் பண்ணியும் இன்னும் உதிரலயே என்றேன். அதோடு விட்டாரா. அந்தக் காலத்தில் தக்காத பிள்ளையைத் தவிட்டுக்கு விற்று வாங்குவார்கள், தவிட்டம்மா குப்பம்மா என்று வைத்துவிட்டால் எமன்கூட சீந்தமாட்டான், நான் வாங்கிக்கொள்கிறேன், பிரமிளாவிடம் சொல் என்று ஆரம்பித்தார். உன் அப்பா, அயர்லாந்தில் தவிட்டுக்கு எங்கே போவது, ஓட்ஸுக்கு விற்கலாமா என்று கேட்டார். அத்தை காப்பியை வைத்துவிட்டுப் போய்விட்டார். பிறகு நாங்கள் இருவரும் சிரித்தோம், சிரித்து முடித்த கையோடு அவர் கழிவறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்து விட்டுக்கொண்டு வெகுநேரம் வெளியே வரவில்லை. எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அன்றிலிருந்து இந்தப் பூப் பெயர் விஷயம் என் தலைக்குள் புகுந்து குடைகிறது. நான் படித்த தோட்டத்துப் பள்ளியில் ஒரே வகுப்பில் புஷ்பா, புஷ்பவள்ளி, புஷ்பலதா, இரண்டு மல்லிகா, ஒரு ரோஜாமணி, ஒரு செண்பகம், அப்புறம் நான். வாத்தியார் பெயர் கூப்பிட்டால் பூக்கடைக்காரர் கூவுகிற மாதிரி இருக்கும். இப்போது பாலர் வகுப்பில் நான் மூக்குத் துடைத்துவிடுகிற பிள்ளைகளில் ஒரு பூகூட இல்லை. டனுஷ்ரீ, ஜஷ்விகா, கவிஷ்னா, வாயில் நுழைவதற்குள் பிள்ளை தெருவுக்கு ஓடிவிடும். அர்த்தம் கேட்டால் பெற்றவர்களுக்கே தெரியவில்லை, எண் கணிதம் பார்த்து வைத்தது என்கிறார்கள். மகிழினி என்று ஒருத்தி மட்டும் இருக்கிறாள். அவள் அம்மாவிடம் பூவை நினைத்து வைத்தீர்களா என்று கேட்டேன், பூவா, இல்லக்கா, ஹேப்பின்னு அர்த்தம், இப்ப எல்லாரும் இதைத்தான் வைக்கிறாங்க என்றாள். பக்கத்து வகுப்பு மலாய் டீச்சர் மட்டும் நான் சொன்னதும் புரிந்துகொண்டார். அது புங்கா தஞ்சோங்தானே, காய்ந்தாலும் வாசம் போகாது, என் அம்மா துணி அலமாரியில் போட்டு வைப்பார் என்றார். மலாய்க்காரர்களிலும் மெலாத்தி, மாவார் என்று மல்லிகை, ரோஜாவின் பெயரைப் பிள்ளைகளுக்கு வைப்பது உண்டாம், இந்தப் பூவின் பெயரை யாரும் பிள்ளைக்கு வைத்து அவர் கேட்டதில்லையாம். உன் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசு அனுப்பியதை மறுபடியும் படித்தார். இந்தப் பேர் வைத்தவர்கள் கொஞ்சம் பேர்தானாம், நல்லதாய்ப் போயிற்று, கூப்பிட்டால் நம் பிள்ளை மட்டும்தான் திரும்பும் என்றார். பார், இப்படித்தான் நாங்கள் எல்லாரும் பேரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். பிள்ளையைப் பற்றிப் பேச இங்கே ஒருவருக்கும் தைரியம் இல்லை.

இன்னொன்றும் நடந்தது. மாப்பிள்ளையின் அக்கா மாலா கிள்ளானிலிருந்து கூப்பிட்டாள். அவள் குரலைக் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. முப்பதாம் நாள் பிள்ளையை மடியில் போட்டுக் காதில் பெயர் சொல்வது அப்பா வழி அத்தைக்கு உரியது, அம்மாவைப் பெற்றவளுக்கு அதில் என்ன பாத்தியம். நான் யாரிடமும் லேசில் மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை என்று உனக்கே தெரியும், அவள் வாய் திறப்பதற்கு முன்னால் கேட்டுவிட்டேன். அவள் அழுதுவிட்டாள். உரிமை பெருசில்ல மா, நீங்க சொன்னதுல எனக்குக் கோவமும் இல்ல, வர்ற புதன்கிழமை பிள்ளைக்கு முப்பது, பிரமிளா எனக்குச் சொல்றதுக்கு ஒரு பேரு குடுத்தா போதும், போனைப் பிள்ளை காதுக்கிட்ட வச்சா நான் இங்கேருந்தே சொல்லிடுவேன் என்றாள். உங்கள் கல்யாணத்தில் சீர்த்தட்டு வரிசைக்காக அவளோடு மல்லுக்கு நின்றவள் நான். இப்படிப்பட்டவள் என்று அன்றைக்கே தெரியாமல் போய்விட்டது. போனை வைத்ததும் நேராகக் கோயிலுக்குப் போனேன். அம்மன் முன்னால் நின்று, அது நான் பயத்துல சொன்ன பேரு, பெத்தவங்க வைக்கிறதுதான் பேரு, பேரை மாத்திக்கோ தாயே, ஆளை மாத்திடாதே என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆகவே மகிழா என்பதை நீ வைத்தே தீர வேண்டும் என்று நினைக்காதே. பூவாக இருக்கட்டும், கல்லாக இருக்கட்டும், ஜஷ்விகாவாகவே இருந்தாலும் சொல்லப் பழகிக்கொள்கிறேன்.

ஆனால் ஒரு பெயர் வை. இதைச் சொல்லத்தான் காலையிலிருந்து எழுந்து எழுந்து உட்காருகிறேன். வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகுதான் பெயர், அதுவரைக்கும் யாரும் எதுவும் சொல்லிக் கூப்பிடக்கூடாது என்று நீ சொன்னது எதனால் என்று எனக்குத் தெரியும். போன முறை ஆறாம் மாதமே பெயர் வைத்துத் தொட்டில் பக்கத்துச் சுவரில் எழுத்து எழுத்தாக ஒட்டினாய். பிறகு நீயே ஒவ்வொரு எழுத்தாக உரித்து எடுத்தாய் என்று மாப்பிள்ளை சொன்னார். யாழினி. எழுதிவிட்டேன், கோபப்படாதே. இந்த வீட்டில் அந்தப் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் விளக்கு ஏற்றும்போது நான் மனசுக்குள் சொல்லாத நாள் கிடையாது. பெயர் வைத்ததால் அவள் போகவில்லை பிரமி. அவள் போன பிறகு அவளுடையது என்று நமக்கு மிஞ்சியது அந்தப் பெயர் ஒன்றுதான். அது மட்டும் இல்லாமல் போயிருந்தால் நான் யாரை நினைத்து அழுதிருப்பேன். பெற்ற தாய் எழுதக்கூடாததை எழுதுகிறேன், வாயைக் கழுவிக்கொண்டே எழுதுகிறேன், இந்தப் பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால் பெட்டியில் ஒட்டியிருக்கிற பிரமிளாவின் பேபி என்கிற சீட்டோடு அவள் போய்விடுவாளே, அதை என்னால் தாங்க முடியாது. எனக்குப் பயமாக இருக்கிறது. உன்னைப் பெற்றபோதுகூட இவ்வளவு பயந்ததில்லை.

மகம் ஜகத்தை ஆளும் என்பார்கள். ஜகத்தை ஆளவெல்லாம் வேண்டாம், அவள் மூச்சை அவளே இழுத்துக்கொண்டால் போதும் என்றுதான் நான் கேட்கிறேன். ஆனால் யோசித்துப் பார், இன்றைக்கு அவள் இருக்கிறாள். நீ எடுத்துக் கொடுக்கிற பாலைக் குழாய் வழியாகக் குடிக்கிறாள், நீ விரலைக் கொடுத்தால் பிடித்துக்கொள்கிறாள் என்று நீயே முன்பு சொன்னாய். அங்கே ஊசி போடுகிறவர்கள் குரலும் மிஷின் சத்தமும்தான் அவளுக்குக் கேட்கிறது. வீட்டுக்கு வரட்டும், அப்புறம் பெயர் வைக்கிறேன் என்கிறாய். வீட்டுக்கு வா என்று கூப்பிட ஒரு பெயர் வேண்டாமா?

நடுவில் அன்பரசி வந்து பெட்டியில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று காட்டிவிட்டுப் போனாள். பிரசவ லேகியம் ஒரு போத்தல், சுக்கு மிளகுப் பொடி, பூண்டு ஊறுகாய், உனக்கு உள்ளே போட்டுக்கொள்ள இரண்டு பருத்திச் சட்டை, மாப்பிள்ளைக்கு முறுக்கு. லேகியம் கசக்கும் என்று ஒதுக்கி வைக்காதே, வெறும் வயிற்றில் ஒரு உருண்டை போடு. பச்சைத் தண்ணீரில் குளிக்காதே, அங்கே என்ன வெயில் அடித்தாலும் தலையில் துணி கட்டிக்கொள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குகிறாயாம், முகுந்தன் சொல்லிவிட்டார், அவரைத் திட்டாதே. நீங்கள் இருவரும் மாற்றி மாற்றி வீட்டுக்குப் போய்ப் படுங்கள். என்னோடு பேசப் பிடிக்காவிட்டால் பேச வேண்டாம், அப்பாவுக்காவது ஒரு நிமிஷம் அடி, மனுஷன் போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருக்கிறார். என் மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும், கோபம் தீர்ந்த பிறகு பேசலாம். புதன்கிழமையை மட்டும் விட்டுவிடாதே, மாலா காத்திருப்பாள்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசீர்வாதமும் அப்பாவின் ஆசீர்வாதமும். அடுத்ததாகப் பிள்ளைக்கு எழுத வந்த இடத்தில் என் கை நின்றுவிட்டது. பேத்தி என்று மொட்டையாக எழுத மனசு வரவில்லை, நானாக எதையும் எழுதவும் மாட்டேன், ஒரு தடவை சொன்னதே போதும். அதனால் கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். மாப்பிள்ளையோடு கலந்து பேசி நீயே எழுதி, கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டு அவளைத் தொட்டுக்கொண்டு, அவள் காதில் விழும்படி படித்துக் காட்டு.

.............................................. என்னும் எங்கள் பேத்திக்கு, தாத்தாவும் பாட்டியும் சொல்வது, நூறாயுசு. சீக்கிரம் வீட்டுக்கு வா.

உன் அம்மா,
குமுதா முருகையா